சாக்கு போர்த்திய தகரம்

பிச்சுமணியை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிநேகிதனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று பிறகு யாரும் என்னிடம் வந்து கேட்க வேண்டாம். அவன் என் சிநேகிதன் அல்ல, எதிர்வீட்டுக்காரன். கோட்டைக்குள் மேற்குப் பக்கத்துத் தெருவில் அவன் வாசலும் என் வாசலும் நேருக்கு நேர். காலையில் குடையை இடுக்கிக்கொண்டு அவன் சர்க்கார் கச்சேரிக்குக் கிளம்புவது தெரிந்தால், நான் செருப்பைத் தேடுகிற மாதிரி உள்ளேயே நின்றுவிட்டு, அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் புறப்படுவேன். இரண்டு பேருக்கும் வேலை ஒரே கச்சேரியில்தான்.

அவனுக்குச் சத்தம் ஆகாது. தயிர்க்காரி கூவினால் ஆகாது, பிள்ளைகள் கோலி விளையாடினால் ஆகாது, அடுத்த வீட்டில் தேங்காய் துருவினால்கூட ஆகாது. வாசலில் வந்து நின்று, "சத்தம் போடாதேங்கோ! மனுஷாளுக்கு ஒரு ஸ்வைரம், நிம்மதி வேண்டாமா?" என்று கத்துவான். கோவிலில் சீவேலிக்கு அடிக்கிற மேளத்தைத் தவிர எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய சத்தம் கிடையாது. இதை நான் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவனுக்குப் புரியவில்லை.

அவன் மனைவி ஜெயலக்ஷ்மி வேறு மாதிரி. அந்தப் பெண் நடந்தால் கொலுசு போட்டிருக்கிறாளா இல்லையா என்று சந்தேகம் வரும். ஜெயம் என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவளுக்கு வயிற்றில் ஒன்று தங்கியது. யுத்தம் ஆரம்பித்ததற்கு அடுத்த வருஷம் இடவப்பாதி மழையில், அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குப் போகிற வழியில், பாசி பிடித்த முற்றத்துக் கல்லில் வழுக்கி விழுந்தாள். குழந்தை போய்விட்டது. பிச்சுமணி அன்றைக்கு வாசலில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் கோலி விளையாடினார்கள், அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. அதைத் தக்கவைத்துக்கொள்ள அவன் விடவில்லை, அது வேறு விஷயம்.

மழை விட்டதும் முதல் வேலையாக ஆசாரியைக் கூட்டிவந்து, அடுக்களை முதல் கிணறு வரைக்கும் முற்றத்தின்மேல் நெளி நெளியான தகரம் போட்டான். யுத்த காலத்தில் தகரம் எங்கே கிடைத்தது, யார் காலைப் பிடித்தான் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பாசியைச் சுரண்டி, கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கினான். இனிமேல் என் பெண்டாட்டி நனையாமல், வழுக்காமல் கிணற்றுக்குப் போவாள் என்று தெரு முழுக்கச் சொன்னான். நல்ல காரியம்தான். அதையும் கத்தித்தான் சொன்னான்.

அவன் வீட்டுக்கு இடது பக்கம் வாலாம்பாள் மாமியின் வீடு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே பிள்ளை ஸ்ரீகண்டன் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். மாமி தனியாக இருந்தாள். தனியாக இருந்தாளே தவிர அடங்கி இருக்கவில்லை. மடி, விழுப்பு என்று சுத்தம் பார்த்தே அந்தத் தெருவையே ஆட்டிவைத்தவள். அவள் கொல்லையில் மதிலை ஒட்டி ஒரு தென்னை. வேர் அவள் மண்ணில், தலை பிச்சுமணியின் தகரத்துக்கு மேலே. மாதம் ஒருமுறை ஆள் ஏறிக் காய் பறித்து, கயிற்றில் கட்டி அவள் பக்கமே இறக்கிவிடுவான். அதனால் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தது.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. ஸ்ரீகண்டனிடமிருந்து கடுதாசி நின்றது. மாமி பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் போய் நின்று ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். பிள்ளை திரும்பி வருகிற வரைக்கும் அந்த மரத்தில் ஆள் ஏறக் கூடாது, அரிவாள் படக் கூடாது. தானாக முற்றித் தானாக விழுகிற காய் ஒவ்வொன்றும் பிள்ளையார் முன்னால் எறிந்து உடைக்கிற விடலைக்கு. குளிக்காதவன் கை அந்தக் காயில் பட்டால் அது நேர்ச்சைக்கு ஆகாது. இவ்வளவும் அவளாகவே போட்டுக்கொண்ட சட்டம். பிள்ளையார் கேட்டிருக்க மாட்டார்.

முதல் காய் ஒரு லீவு நாள் மத்தியானம் விழுந்தது. எல்லோரும் குண்டு என்று நினைத்தோம். அப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த காலம். என் மனைவி ராஜமணி கையிலிருந்த ரசத்தோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். பிறகு பார்த்தால் தேங்காய். தகரத்தில் இடித்து, நெளியில் கடகடவென்று உருண்டு, பிச்சுமணியின் கிணற்றடியில் விழுந்து கிடந்தது. ஜெயத்துக்கு நேர்ச்சையைப் பற்றி என்ன தெரியும்? நம் முற்றத்தில் விழுந்த காய் என்று உரித்து, உடைத்து, துவையல் அரைத்துவிட்டாள்.

சத்தம் கேட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் காத்திருந்த மாமி, காய் வராததால் நேராக வாசலுக்கு வந்தாள்.

"காய் எங்கேடி?"

"எந்தக் காய், மாமி?"

"இப்போ விழுந்ததே, அது. சாமிக்குள்ள காயாக்கும்."

ஜெயம் அம்மிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாமிக்கு அது போதுமாக இருந்தது. "என் கொழந்தை எங்கே கெடக்கானோன்னு நான் பட்டினி கெடக்கேன். அவனுக்காக நேர்ந்ததை நீங்க அரைச்சுத் தின்னுட்டேளே! இது ஒங்க வயித்துல தங்குமா?"

தங்குமா என்று கேட்டது துவையலைத்தான். ஆனால் ஜெயம் அதற்கு முந்தின வாரம்தான் தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ராஜமணியிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டு அவள் முகம் வெளுத்ததை, சத்தம் கேட்டு அங்கே போயிருந்த ராஜமணி பார்த்தாள். பிச்சுமணியும் பார்த்தான். அன்றையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் யுத்தம்.

யுத்தத்தின் விதிகள் விசித்திரமானவை. காய் விழுந்தால் பிச்சுமணி குளிக்காமல் அதைத் தொடக் கூடாது. கிணற்றடியில் தண்ணீர் இரைத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈர வேஷ்டியோடு காயை எடுத்துப்போய் மாமியின் கொல்லைப் படியில் வைக்க வேண்டும். சாமிக் காரியமாயிற்றே, மாட்டேன் என்று சொல்ல அவனுக்கும் பயம். கச்சேரிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும்போது டமார் என்று விழும். சட்டையைக் கழற்றிவிட்டு, மாமியின் வம்சத்தைத் திட்டிக்கொண்டே மறுபடியும் குளிப்பான். கர்க்கடக மாதத்து மழைக் குளிரில் பல் கிடுகிடுக்கக் குளித்ததை நானே பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போயிருக்கிறேன்.

காய் மட்டும் விழுந்தால் பரவாயில்லை. அணில் கடித்த பிஞ்சு மச்சிங்காய் விழும், பட்ட மட்டை விழும், பாளையை மூடியிருந்த காய்ந்த கொதும்பு விழும். கொதும்பு விழுந்தால் தகரத்தை நகத்தால் பிறாண்டிக்கொண்டு இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஜெயத்துக்குத் தூக்கிவாரிப் போடும், வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். டாக்டர் வந்து பார்த்தார். உடம்பு பலமில்லை, அதிர்ச்சியே ஆகாது, இதுவும் போனால் அப்புறம் ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் போனார்.

பிச்சுமணி என் வாழ்க்கையில் நான் பார்க்காத ஒன்றைச் செய்தான். மாமியின் வாசலில் போய்ப் பணிவாக நின்றான்.

"மாமி, ஒரே ஒரு தடவை ஆள் ஏறிக் குலையை எறக்கட்டும். அத்தனையும் பிள்ளையாருக்கே கொண்டு போடறேன். என் கையால தலையில சுமந்துண்டு போறேன்."

"மரத்துல அருவா படப்படாது."

"என் குழந்தைக்கு ஆபத்து, மாமி."

"என் கொழந்தை இருக்கானா இல்லியான்னே எனக்குத் தெரியாதுடா. நீ போ."

தகரத்தைப் பிரித்துவிடு என்று நான் சொன்னேன். பிரித்தால் மழையில் பாசி, பாசியில் வழுக்கல், முன்னே நடந்தது மறுபடியும் நடக்கும் என்று என்மேல் எரிந்து விழுந்தான். சரி, ஏதாவது செய்துகொள் என்று வந்துவிட்டேன். அவன் செய்தான். கச்சேரியில் உட்கார்ந்து, சர்க்கார் காகிதத்தின் பின்பக்கத்தில் தகரத்தைப் படம் போட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் பழைய ஜமுக்காளங்களை விரித்தான். ஒரு மழையில் ஊறி, கனம் தாங்காமல் மரச்சட்டம் தொங்கியது. வைக்கோல் பரப்பினான். பெருச்சாளி குடும்பம் நடத்த வந்துவிட்டது, அதன் சத்தம் வேறு. மணல் கொட்டினான். மணல் நெளி வழியாக இறங்கி ஜெயத்தின் சோற்றில் விழுந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "மெத்தை தச்சுப் போடேண்டா, தகரத்துக்கும் பிரசவம் பார்க்கலாம்" என்றாள். அவனும் சளைக்கவில்லை. அவன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆனால் மெத்தை என்ற வார்த்தை அவன் மண்டையில் தங்கிவிட்டது. கடைத்தெருவில் அலைந்து கிழிந்த அரிசிச் சாக்குகளை வாங்கிவந்தான். தேங்காய் நாரை உதிர்த்துச் சாக்குகளில் அடைத்து, கோணி ஊசியால் தைத்து, பட்டை பட்டையாகத் தகரத்தின்மேல் வரிசையாகக் கட்டினான். நடுநடுவே தண்ணீர் ஓட வழி விட்டான். ஆசாரியைக் கூப்பிட்டு, தகரத்தைச் சட்டத்தோடு இறுக்குகிற கொக்கி ஆணிகளைக் கழற்றி, இரும்பும் மரமும் தொடுகிற இடத்திலெல்லாம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் செருகினான். அதிர்கிறது ஆணியில்தான், தகரத்தில் இல்லை என்று ஆசாரியோடு அரைநாள் சண்டை போட்டான். சண்டையில் அவன் ஜெயித்தானோ இல்லையோ, வேலை பலித்துவிட்டது. அடுத்த காய் விழுந்தபோது யாரோ தலையணையைத் தட்டிய மாதிரி ஒரு 'தொப்'. அவ்வளவுதான். ஜெயம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. பிச்சுமணி முற்றத்தில் நின்று அழுதான் என்று ராஜமணி சொன்னாள். நான் நம்பவில்லை.

இனிமேல் நிம்மதி என்று பார்த்தால், சண்டை இரட்டிப்பாயிற்று. இத்தனை நாளும் மாமிக்கு அந்த டமார்தான் தகவல். சத்தம் கேட்டதும் கொல்லைக் கதவைத் திறந்து காய்க்காக நிற்பாள். இப்போது சத்தம் இல்லை. காய் உருளவும் இல்லை, சாக்கு இடுக்கில் கிடந்துவிடும். காலையில் அண்ணாந்து பார்ப்பாள், நேற்றிருந்த காய் குலையில் இருக்காது.

"திருடா! சாக்கு போர்த்தித் திருடறயேடா! மொதல்ல அரைச்சுத் தின்னேள், இப்போ பதுக்கறேள்!"

"ஏணி வெச்சு ஏறிப் பாருங்கோ! அங்கேதான் கெடக்கு ஒங்க சாமி!"

"நீ குளிச்சுட்டு ஏறி எடு!"

குளித்துவிட்டு ஏறினான். இறங்கும்போது, "காதுல விழலைன்னா காய் விழலைன்னு அர்த்தமோ?" என்று கத்தினான். பழவங்காடிக்குப் போகிற வழியெல்லாம் மாமி, சாமி சொத்தைப் பிச்சுமணி தின்கிறான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். கச்சேரி வரைக்கும் அந்தப் பேச்சு வந்தது. அதை நான் மறுத்துச் சொல்லவில்லை. அவனும் என்னைக் கேட்கவில்லை.

தை பிறந்ததும் ஜெயத்துக்குப் பிரசவமாயிற்று. ஆண் குழந்தை. அனந்தபத்மநாபன் என்று பெயர் வைத்தார்கள். நல்ல நிறம், நல்ல புஷ்டி, பெரிய கண். பிச்சுமணி தலைகால் தெரியாமல் ஆடினான். குழந்தையைத் தகரத்துக்கு அடியில் தூளி கட்டிப் போட்டார்கள். தொந்தரவே கொடுக்காத பிள்ளை. மேளம் போனாலும் தூங்கும், பாத்திரம் விழுந்தாலும் தூங்கும்.

"பார்த்தியோடா கல்யாணராமா," என்று என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னான், "ஒங்க ஆத்துப் பிள்ளைகளெல்லாம் எறும்பு தும்மினா முழிச்சுக்கும். இவன் வயித்துல இருக்கறச்சயே நான் சத்தமில்லாம வளர்த்தேனாக்கும். அதான் இந்த ஸ்வபாவம்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. என் பிள்ளைகள் தும்மினால் எழுந்துகொள்வார்கள் என்பது உண்மைதான்.

குழந்தை உட்காரப் பழகிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குலையில் இருந்த பெரிய காய் ஒன்று காணாமல் போய்விட்டது என்று மாமி மதிலருகே நின்று ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் குரல் உச்சத்தில் இருந்தது. ராஜமணியும் நானும் வேடிக்கை பார்க்கத்தான் பிச்சுமணி வீட்டுக்குள் போனோம், வேறு காரணம் சொல்ல மாட்டேன். முற்றத்தில் ஜெயம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிச்சுமணி சாக்குகளைக் காட்டிக் கத்தினான். மாமி கிணற்றடியில் கிடந்த வெண்கல அண்டாவின்மேல் மதிலிலிருந்து ஒரு கல்லைத் தள்ளிவிட்டாள். தள்ளினாளோ தானாக விழுந்ததோ, கணீரென்று தெருவே அதிர்ந்தது.

"கத்தாதேங்கோ! குழந்தை பயப்படும்!" என்று பிச்சுமணி கூவினான்.

மாமி பேச்சை நிறுத்தினாள். குழந்தையையே பார்த்தாள். பிறகு, அதுவரை நான் அவளிடம் கேட்டிராத தணிந்த குரலில் சொன்னாள்.

"அவன் எங்கேடா பயந்தான்? அண்டாவுக்கு முதுகைக் காட்டிண்டு ஒக்காந்திருக்கான், திரும்பக்கூட இல்லை. நானும் இந்த மதில்மேலேர்ந்து கொஞ்ச நாளாப் பார்த்துண்டிருக்கேன். ஒன் பிள்ளைக்குக் காது கேக்கலைடா, பிச்சுமணி."

பிச்சுமணி கையில் கிடைத்த விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு மதிலை நோக்கிப் பாய்ந்தான். நான்தான் பிடித்தேன். பச்சைக் குழந்தையைப் பார்த்துச் சொல்கிற சாபமா இது என்று ராஜமணி மாமியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். எனக்கும் ரத்தம் கொதித்தது. தேங்காய்க்காக ஒருத்தி இவ்வளவு தூரம் போவாளா? தெருவில் ஒரு வீட்டிலும் மாமியிடம் பேச்சுக்கொடுக்கவில்லை. அவள் கோலம் போட வந்தால் எதிர்வாசலில் கதவைச் சாத்தினார்கள். எங்கள் வாசல் உட்படத்தான்.

அடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானம் கச்சேரி லீவு. பிச்சுமணி என் வாசலில் வந்து நின்றான். கத்தவில்லை.

"ஏணியைப் பிடிச்சுக்க ஆள் வேணும்."

"எதுக்கு?"

"ஜெயம் சாக்கை எடுக்கச் சொல்றா."

அவன் பின்னாலேயே போனேன். முற்றத்தில் ஜெயம் குழந்தையை வைத்துக்கொண்டு, தகரத்தின் கடைசி ஓரத்துக்கு அப்பால் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மாமி சொல்லித்தான் அவளுக்கு இது தெரிய வேண்டும் என்றில்லை. அந்த வீட்டில் கத்துகிறவன் ஒருவன் இருந்ததால் அவள் சொல்ல இடம் இல்லாமல் போயிருக்கிறது.

அவன் ஏறிக் கயிறுகளை அறுத்தான். சாக்குகள் ஒவ்வொன்றாக நார் சிந்திக்கொண்டு விழுந்தன. கடைசியில் வெறும் தகரம் வெயிலில் கண்ணைக் குத்தியது. சாக்கு இடுக்கில் காணாமல் போன காயும் கிடந்தது. குளிக்காத கையோடு பிச்சுமணி அதை எடுத்தான். தலைக்கு மேலே தூக்கித் தகரத்தில் போட்டான்.

டமார். தெருவில் இருந்த காக்கை அத்தனையும் கிளம்பியது. ஏணியைப் பிடித்திருந்த எனக்கே காது அடைத்தது. ஜெயத்துக்குப் பழைய வழக்கப்படி தூக்கிவாரிப் போட்டது. குழந்தை அவள் மடியில் குலுங்கியதால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. தகரத்தின் பக்கம் திரும்பவில்லை.

"நீ ஆடாதே, ஜெயம்! ஆடாம ஒக்காரு!"

காயை நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் போட்டான். ஜெயம் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். குழந்தை அவள் தாலிச்சரட்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பிச்சுமணி மறுபடியும் போட்டான். மறுபடியும். காய் ஓடு விண்டு தண்ணீர் தகரத்தில் ஒழுகியது.

"அனந்து! டேய் அனந்து! இங்கே பாருடா! அப்பாவைப் பாருடா!"

மதிலுக்கு மேலே மாமியின் தலை தெரிந்தது. இத்தனை நாள் கழித்துச் சத்தம் கேட்டதும் காய்க்காக வந்திருக்கிறாள். உடைந்த காயைப் பார்த்தாள், ஏணியில் நிற்கிறவனைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"வந்துட்டேளா?" என்றான் பிச்சுமணி. "பார்த்துக்கோங்கோ. நன்னாப் பார்த்துக்கோங்கோ. திருப்தியாச்சோன்னோ? உள்ளே போய்த் தொலையுங்கோ!"

தலை மறைந்தது. பிச்சுமணி ஏணியின் மேல்படியில் வெறுங்கையோடு நின்றான். கொஞ்ச நேரத்தில் மாமி திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை விடலைக்கென்று மடியாகப் பூஜை அறையில் எடுத்து வைத்திருந்த காய் அவள் கையில் இருந்தது. மதிலின்மேல் எக்கி, நாரும் வியர்வையும் அப்பிய அவன் கையிலேயே அதை வைத்தாள்.

"இது பெருசு," என்றாள். "இதைப் போட்டுப் பாரு."

அவன் அதை இரண்டு கையாலும் தூக்கித் தன் பலம் எல்லாம் சேர்த்துப் போட்டான். தகரம் குழிந்து, ஆணி ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. பறந்து வந்த நார்த்தூசியைப் பிடிக்கக் குழந்தை இரண்டு கையையும் நீட்டியது.

அதற்குப் பிறகும் அந்த இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. ஸ்ரீகண்டன் யுத்தம் முடிந்து வந்து, மரத்தில் ஆளை ஏற்றிக் குலை இறக்கிய அன்றுகூடப் பேசவில்லை. எனக்கும் இருவரையும் இன்றுவரை பிடிக்காது. சாக்குகளை அவன் திரும்பக் கட்டவில்லை. காயும் மட்டையும் வெறும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் அவன் வாசலில் கோலி விளையாடினார்கள், தயிர்க்காரி தொண்டை கிழியக் கூவினாள். எங்கள் தெருவில் சத்தம் போடாதே என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.